அந்தக் கேப்சூலின் பெயர் என்ன?

கேள்வி: எனக்கு வயது 31. மும்பை செம்பூரில் இருக்கிறோம். 19 வயதிலிருந்து சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை, முதுகு என்று ஆரம்பித்து, இப்போது மார்புக்குக் கீழேயும் தொடை இடுக்கிலும் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லித்தான் திருமணம் செய்தார்கள். நான்கு வருடம் ஆகிறது. திருமணத்துக்கு முன் ஒரு வருடம், வாரம் ஒரு நாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்தேன். பிறகு வேறொரு மருத்துவர் ஒரு கேப்சூல் கொடுத்தார். ஏழு மாதம் சாப்பிட்டேன். தோல் நன்றாகவே ஆனது, உதடுதான் வெடித்துக்கொண்டே இருந்தது. குழந்தைக்காக எல்லா மருந்தையும் நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. ஒன்றும் தங்கவில்லை. மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. எடை 76 கிலோ. 'ரத்தம் கெட்டுத் தோலில் வந்தது, கருப்பையையும் கெடுத்துவிட்டது' என்கிறார் அத்தை. கருப்பைக்கு நல்லது என்று இரண்டு வருடமாக அரிஷ்டம் கொடுக்கிறார். இப்போது ஊரிலிருந்து பொட்டல மருந்தும் வந்திருக்கிறது. கருத்தரிப்பு மையத்தில் நேராக ஐ.வி.எஃப். போகலாம் என்கிறார்கள். என் கணவருக்கு இதுவரை எந்தப் பரிசோதனையும் எடுக்கவில்லை. மாதம் இரண்டு முறை சேர்ந்தால் அதிகம்; நான்கு வருடத்தில் அவர் என் முதுகை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. சொரியாசிஸ் இருந்தால் குழந்தை பிறக்காதா? பிறந்தால் அதற்கும் வருமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. பயப்படும்படியான பதில் இல்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை நிறுத்திவிட்டது. 'உதடுதான் வெடித்துக்கொண்டே இருந்தது.' மாட்டுங்காவில் இருபது வருடத்துக்கு மேலாகத் தோல் நோய்களையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். ஏழு மாதம் கேப்சூல், தோல் தெளிந்தது, உதடு வெடித்தது என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். அந்தக் குடும்பத்தில் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கேப்சூல்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஐசோட்ரெட்டினாயின், பெரும்பாலும் முகப்பருவுக்குக் கொடுப்பது, எப்போதாவது சொரியாசிஸுக்கும் எழுதுவார்கள். இன்னொன்று அசிட்ரெட்டின், சொரியாசிஸுக்கென்றே இருப்பது. இரண்டும் உதட்டை வெடிக்க வைக்கும், இரண்டும் கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். நிறுத்திய பிறகு காத்திருக்க வேண்டிய காலத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஐசோட்ரெட்டினாயினுக்கு ஒரு மாதம் போதும். அசிட்ரெட்டினுக்கு மூன்று வருடம்.

ஆமாம், மூன்று வருடம். அச்சுப்பிழை இல்லை. அசிட்ரெட்டின் தனியாக இருக்கும்வரை சில வாரங்களில் உடலை விட்டுப் போய்விடும். ஆல்கஹால் சேர்ந்தால் அதில் ஒரு பகுதி எட்ரெட்டினேட் என்ற பொருளாக மாறுகிறது. அசிட்ரெட்டினுக்கு முன்னால் புழக்கத்தில் இருந்த மருந்து அது. உடல் கொழுப்பில் போய்ப் படுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் அதைக் கைவிட்டு இதற்கு வந்தார்கள். கருவின் முகமும் மூளையும் இதயமும் உருவாகும் முதல் சில வாரங்களில் அது ரத்தத்தில் இருக்கக் கூடாது. நாள் தள்ளிப்போனதை நாம் கவனிப்பதற்குள் அந்த வாரங்களில் பாதி போயிருக்கும்.

'நான் மது தொட்டதே இல்லை, டாக்டர்' என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அத்தை கொடுக்கும் அரிஷ்டத்தின் சீசாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்யப்படும் மருந்துகள். புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இதில் இருக்கிறது என்று சீசாவிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அத்தை நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. கேப்சூல் எழுதியவர் 'மது வேண்டாம்' என்று சொல்லியிருந்தாலும் உங்களுக்கு அரிஷ்டம் நினைவுக்கு வந்திருக்காது. இரண்டு வருடமாக அரிஷ்டம் என்கிறீர்கள். கேப்சூலை நிறுத்தி ஒன்றரை வருடம் என்கிறீர்கள். கணக்குப் போட்டால் சில மாதங்கள் இரண்டும் ஒன்றாக ஓடியிருக்கின்றன.

ஆகவே ஐ.வி.எஃப்., பொட்டல மருந்து எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கேப்சூலின் பெயரைக் கண்டுபிடியுங்கள். மருந்துச் சீட்டு பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கலாம். இல்லையென்றால் கைபேசியில் பழைய படங்களைத் தேடுங்கள். கடைக்காரருக்கு அனுப்புவதற்காக அட்டையைப் படம் எடுக்காதவர்கள் இந்தக் காலத்தில் குறைவு. அதுவும் இல்லையென்றால் மருந்து வாங்கிய கடையில் கேளுங்கள். கணினியில் பில் போடும் கடையாக இருந்தால் உங்கள் கைபேசி எண்ணை வைத்தே எடுத்துத் தருவார்கள். எழுதிய மருத்துவரிடமே கேட்பது இன்னும் நல்லது. அசிட்ரெட்டினாக இருந்தால், குழந்தை பெறும் வயதில் இருந்த உங்களுக்கு ஏன் எழுதினார், என்ன எச்சரிக்கை சொன்னார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கதையைக் கேட்டு நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது சரியல்ல. வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம், அவசரத்தில் உங்கள் காதில் விழாமலும் போயிருக்கலாம். எனக்கே அப்படி நடந்திருக்கிறது; அதிலிருந்து இந்த மருந்தை ஆணுக்கு எழுதினால்கூட 'மூன்று வருடம் ரத்ததானம் கூடாது' என்பதைச் சீட்டிலேயே தமிழிலோ மராத்தியிலோ எழுதிவிடுகிறேன்.

அசிட்ரெட்டின்தான் என்று தெரிந்தால், இன்னும் ஒன்றரை வருடத்துக்குக் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை வேண்டும் என்று எழுதியவரிடம் ஆணுறையைப் பற்றிப் பேசுவது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: தேங்காய் எண்ணெயில் செய்த வெட்பாலைத் தைலம் தொடை இடுக்கில் தடவியிருந்தால் ஆணுறை கிழியும், எண்ணெய் ரப்பரைக் கெடுத்துவிடும். வேறு முறைகளை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மருந்துக்கு எல்லாக் கருத்தடை மாத்திரையும் பொருந்தாது என்பதால் கேப்சூலின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உங்களுக்கு வயது 31. ஒன்றரை வருடம் கழித்து 32, 33. மகப்பேறு மருத்துவத்தில் அது தாமதமான வயது இல்லை. அந்தக் காலத்தில் செய்ய எவ்வளவோ இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வேறு ஏதாவது கேப்சூல் என்று தெரிந்தால் இந்தப் பத்திகளை எல்லாம் மறந்துவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதுவும் கருவுக்கு ஆகாத மருந்துதான். நிறுத்தி மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை இடைவெளி விடச் சொல்வோம். நீங்கள் நிறுத்தி நான்கு வருடம் தாண்டிவிட்டது. தோல் நோய்க்குக் கொடுக்கும் அளவில் அது கருமுட்டைகளைத் தின்றுவிட்டுப் போவதில்லை.

இனி உங்கள் கேள்வி. சொரியாசிஸ் இருந்தால் குழந்தை பிறக்காதா?

பிறக்கும். என்னிடம் வரும் சொரியாசிஸ்காரர்களில் இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். ஆனால் 'ஒரு சம்பந்தமும் இல்லை' என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். பிரிட்டனில் 63,000-க்கும் மேற்பட்ட சொரியாசிஸ் பெண்களின் மருத்துவப் பதிவுகளை, நோய் இல்லாதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நோய் சற்றுக் கடுமையாக இருந்த பெண்களிடம் கருத்தரிப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது. கருக்கலைவு மிகச் சிறிய அளவில் கூடியிருந்தது. கரு நின்றுவிட்டவர்களுக்கு, ரத்த அழுத்தக் கோளாறு, கர்ப்பகால நீரிழிவு போன்ற சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகமாக வரவில்லை.

இந்தக் கால் பங்கை எப்படிப் புரிந்துகொள்வது? அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். இப்படிப்பட்ட பதிவுகள் எத்தனை பேர் கருவுற்றார்கள் என்று சொல்லும். ஏன் கருவுறவில்லை என்று சொல்லாது. உடம்பில் ஓயாத அழற்சி இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். சொரியாசிஸ் வெறும் தோல் வியாதி இல்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் தவறாக முடுக்கிவிடப்பட்டு, ரத்தம் முழுக்க அழற்சிப் பொருட்களைச் சுற்றவிடுகிற நோய். அந்த வகையில் 'ரத்தத்தில் ஏதோ இருக்கிறது' என்ற அத்தையின் பேச்சை முழுக்கப் பொய் என்று தள்ள மாட்டேன். கருப்பை கெட்டுவிட்டது என்பதைத்தான் தள்ளுகிறேன். மருந்துக்காக வருடக்கணக்கில் கருவைத் தள்ளிப்போட்டவர்கள் அந்தப் பதிவுகளில் இருப்பார்கள். குழந்தைக்கும் வந்துவிடும் என்று பயந்து வேண்டாம் என்றவர்கள் இருப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறவர்களும் இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒரு முறை வரும் பெண்ணுக்கு வருடத்தில் 13 சுற்று. 45 நாளுக்கு ஒரு முறை என்றால் எட்டுதான். அந்த எட்டிலும் எல்லாச் சுற்றிலும் கருமுட்டை வெளியாகிறதா என்பதே சந்தேகம். வெளியானாலும், கரு தங்கக்கூடிய நாட்கள் ஒரு சுற்றில் ஐந்தாறுதான்: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அந்த நாள் எது என்று 45 நாள் சுற்றில் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் மாதம் இரண்டு முறை சேர்கிறீர்கள். இதில் கரு தங்கினால்தான் ஆச்சரியம். சொரியாசிஸே இல்லாத ஒரு பெண் இதே கணக்கோடு வந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

மாதவிலக்கு இப்படித் தள்ளிப்போவதும் 76 கிலோவும் சேர்ந்து பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறின் பக்கம் கை காட்டுகின்றன. உயரம் எழுதவில்லை, அதனால் எடையைப் பற்றி அதிகம் பேசாமல் விடுகிறேன். சொரியாசிஸ் உள்ள பெண்களிடம் பி.சி.ஓ.எஸ். கூடுதலாகக் காணப்படுவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டுக்கும் அடியில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத கோளாறு பொதுவாக இருக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே, உங்களுக்கு நான்கு கிலோ, பலருக்கு முட்டை வெளியாவது சீராகிறது. அதே எடைக் குறைவில் தோலும் மருந்துக்கு நன்றாக மடங்குகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என் நோயாளிகளிடம் சொல்வேன். மாங்காய்ச் சோறு சாப்பிட்டே எடை கூடியது என்று ஒரு மாமி பதில் சொன்னார்.

தைராய்டு, சர்க்கரை, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., ஸ்கேன், இவற்றை மகப்பேறு மருத்துவர் பார்க்கட்டும். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மும்பையில் காசநோயை மறந்துவிட்டுக் கருக்குழாயைப் பற்றிப் பேச முடியாது. இந்தியப் பெண்களுக்குக் குழாய் அடைபடும் காரணங்களில் பிறப்புறுப்புக் காசநோய் முக்கியமானது. இருமல் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், சத்தமே போடாமல் இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது எப்போதாவது டி.பி. வந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தோலுக்கு ஊசி மருந்து தொடங்குவதாக இருந்தாலும் அதே கேள்வியைத்தான் நானும் முதலில் கேட்பேன். சில ஊசிகள் உள்ளே தூங்கும் காசநோயை எழுப்பிவிடும்.

முட்டை வெளியாகாததுதான் குறை என்றால் அதற்கு முதலில் கொடுப்பது லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள். நேராக ஐ.வி.எஃப். என்பது வீட்டில் பல்பு எரியவில்லை என்றதும் சுவரை இடிப்பது மாதிரி. கணவரின் பரிசோதனைகூட எடுக்காத நிலையில் அதைப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது மருந்தைப் பற்றி. 'குழந்தைக்காக எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டேன்' என்று பெருமூச்சோடு எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ பெண்கள் செய்வது இதைத்தான். நிறுத்த வேண்டியவற்றை நிறுத்தியது சரி. அவற்றின் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டதுதான் தவறு. அந்த ஒன்றரை வருடத்தில் நோய் மார்புக்குக் கீழேயும் தொடை இடுக்கிலும் இறங்கியிருக்கிறது. அங்கே வந்ததும் நீங்கள் கணவரைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகியிருக்கிறீர்கள். குழந்தைக்காக என்று மருந்தை விட்டது, குழந்தை வரும் வழியையே சுருக்கியிருக்கிறது.

கருவுக்கு முயலும்போதும் கருவுற்ற பிறகும் தரக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. முதல் இடம் குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு. வாரம் இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் நின்றால் போதும். மாத்திரை கிடையாது, கருவுக்குத் தீங்கு கிடையாது. சோரலென் மாத்திரை கொடுத்து நிற்கவைக்கும் பழைய வகை வேண்டாம். இரண்டையும் 'லைட்' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சயான், பரேல், மும்பை சென்ட்ரல் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவுகள் உண்டு. உங்களுக்கு சயான் பக்கம். வரிசை நீளம், செலவு குறைவு. கதிர் சிகிச்சையோ இல்லையோ, குழந்தைக்கு முயலும் எல்லாப் பெண்களும் எடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தொடங்கலாம்.

பூசும் ஸ்டீராய்டு களிம்பு என்றதும் பயப்படுகிறார்கள், அல்லது பயமே இல்லாமல் வருடக்கணக்கில் பூசுகிறார்கள். அளவோடு பூசலாம். மிகக் கடுமையான வகைக் களிம்பைக் கர்ப்பகாலம் முழுவதும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பூசியவர்களின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்ததைக் கண்டிருக்கிறார்கள். சிறிய குழாயில் 30 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் பத்துக் குழாய். நீங்கள் மாதம் எத்தனை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். மார்புக்குக் கீழும் தொடை இடுக்கிலும் கடுமையான களிம்பு கூடவே கூடாது. அந்தத் தோல் மெல்லியது. இன்னொன்று, அந்த மடிப்புகளில் இருப்பது சொரியாசிஸ்தானா, இந்த ஊர் மழைக்காலம் தானமாகக் கொடுக்கும் படர்தாமரையா என்பதை ஒரு மருத்துவர் சுரண்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு பூசினால் தீக்கு நெய் வார்த்த கதை.

இவை போதாத அளவுக்கு நோய் பரவியிருந்தால் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இருக்கிறது, ஊசி மருந்துகள் இருக்கின்றன. செர்டோலிசுமாப் என்ற ஊசியின் மூலக்கூறில் நஞ்சுக்கொடியைக் கடப்பதற்கு வேண்டிய வால்பகுதி கிடையாது. அதனால் குழந்தையிடம் ஏறத்தாழப் போவதே இல்லை. அடாலிமுமாப் போன்றவை கடைசி மூன்று மாதத்தில் குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட ஊசியோடு பிரசவம் ஆனால், நம் ஊரில் பிறந்த உடனே போடும், வலுக்குறைத்த உயிருள்ள கிருமி கொண்ட பி.சி.ஜி. தடுப்பூசியைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். பிரசவ வார்டில் நர்ஸ் கையில் ஊசியோடு வந்து நிற்கும்போது இதை நினைவில் வைத்துச் சொல்வது உங்கள் வேலையாகத்தான் இருக்கும். அந்த நாள் வரட்டும், அப்போது பார்ப்போம்.

பொட்டல மருந்தைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் கருநீலமாக மாறுவதை என் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். சட்டையில் பட்டால் கறை போகாது; மற்றபடி வெளிப்பூச்சாகப் பலருக்குச் செதில் அடங்குகிறது, பூசுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை விழுங்குவது வேறு விஷயம். பதிவு பெற்ற சித்த மருத்துவர் பெயர் எழுதிக் கொடுக்கும் மருந்தைப் பற்றி நான் பேசவில்லை. பெயரில்லாத பொட்டலத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஈயமும் பாதரசமும் கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. ஈயம் கருவுக்கு விஷம். மூன்றே நாளில் தோல் பளபளவென்று ஆனால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்டீராய்டு பொடித்துக் கலந்திருக்கலாம். ஏற்கெனவே சில வாரங்கள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். உள்ளுக்குப் போன ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளமாக வெடித்து, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேரும் நிலை வரலாம். பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

குழந்தைக்கு வருமா என்பது அடுத்த கேள்வி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வாழ்நாளில் என்றாவது வரும் வாய்ப்புப் பத்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றுவரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறும். வராமல் போகும் வாய்ப்புதான் எப்போதும் பெரிய பங்கு. வந்தாலும், உங்கள் 19 வயதில் இருந்த சிகிச்சையும் இன்று இருக்கும் சிகிச்சையும் ஒன்றில்லை. தாய்ப்பால் வழியாகவோ மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ தொற்றவே தொற்றாது.

கர்ப்பகாலத்தில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்குச் சொரியாசிஸ் தானாகவே அடங்குகிறது. நாலில் ஒருவருக்குக் கூடுகிறது. பிரசவம் ஆன ஆறு வாரத்துக்குள் மூன்றில் இரண்டு பேருக்குத் திரும்பக் கிளம்பிவிடும், அதை எதிர்பார்த்தே இருங்கள். தோலில் எங்கே காயமோ உராய்வோ ஏற்படுகிறதோ அங்கே புதிதாக வருவது இந்த நோயின் குணம். சென்ற மாதம் வந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போல ஒரே கோடு. பரம்பரை, சாபம் என்று என்னென்னவோ சொல்லி அழுதார். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியதுதான் காரணம். அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்களும் பாருங்கள், மார்புக்குக் கீழே இருப்பது உள்ளாடைப் பட்டை படும் இடம்தானா என்று.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மனநல ஆலோசகர் இல்லை. ஆனால் நோயைச் சொல்லித்தான் திருமணம் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் பார்க்கக் கூடாது என்று நான்கு வருடமாக நீங்கள் மட்டும் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதுகு நம் கை எட்டாத இடம். களிம்பு பூச இன்னொரு கை வேண்டும். என்னிடம் வரும் தம்பதிகளில் பலருக்கு நான் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்தே, இரவு பத்து நிமிடம் கணவர் முதுகில் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும் என்பதுதான். விளக்குப் போட்டுக்கொண்டுதான்; இருட்டில் பூசினால் பாதி இடம் விட்டுப்போகும். ஒரு கணவர் வரைபடம் போல் படம் போட்டு, எந்தத் திட்டு சிறுத்தது, எது பெருத்தது என்று குறித்துக்கொண்டு வந்தார். தொடை இடுக்கில் வலியும் எரிச்சலும் இருந்தால் அதற்குத் தனியாக மென்மையான களிம்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது.

கடைசியாக உங்கள் கணவர். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஏதாவது குறை இருக்கிறது. அத்தை கருப்பையைப் பற்றியே பேசுகிறார். அந்தப் பாதியைப் பற்றி யாரும் பேசவில்லை. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் உங்கள் ஒரு ஸ்கேன் அளவுக்கு வராது. இரண்டு நாள் முதல் ஏழு நாள்வரை உறவு இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் உடனே முடிவுக்கு வராமல் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். கேப்சூல் எதுவாக இருந்தாலும் இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, இந்த வாரமே செய்யலாம். வீட்டில் எடுத்துக்கொண்டு போகிறேன் என்பார். ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் செம்பூரிலிருந்து சயான் சர்க்கிளைத் தாண்டவே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். நேரில் போய் அங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள்.